பனையேறியின் மகனும் பன்னிரண்டு மஃபின்களும்

கிறிஸ்தவப் புத்தகக் கடைகளில் காதல் நாவல்கள் இருக்கும் அலமாரியை அட்டைகளை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். சிறிய மரத் தேவாலயம், வேலியோரப் பூக்கள், தூரத்தில் முகம் தெரியாத ஒரு பெண். கதை சிற்றூரில் நடக்கும். முத்தத்தைத் தாண்டி எதுவும் நடக்காது. காதலுக்குத் தடை பெரும்பாலும் மனதுக்குள்தான் இருக்கும்: பழைய துக்கம், மன்னிக்க முடியாமை, விசுவாசத்தில் ஒரு தடுமாற்றம். ஜெனட் ஓக் 1979இல் எழுதிய 'லவ் கம்ஸ் சாஃப்ட்லி' இந்த வகையைப் பரவலாக்கிய நாவல். 1994இல் ஜான் கேரன் தொடங்கிய மிட்ஃபோர்ட் வரிசையில் சர்க்கரை நோயாளியான அறுபது வயதுப் பாதிரியாருக்குப் பக்கத்து வீட்டுப் பெண்மீது காதல் வருகிறது. அந்த ஊர் எஸ்தர் செய்யும் ஆரஞ்சு மார்மலேட் கேக் ஒரு கதாபாத்திரம் அளவுக்குப் புகழ்பெற்றது. 2004இல் மிட்ஃபோர்டுக்கென்றே ஒரு சமையல் புத்தகமும் வந்துவிட்டது.

நான் கேலி செய்யவில்லை. கணினி அமைப்பு மாற்றம் நடக்கும் வாரங்களில், நள்ளிரவு அழைப்புக்காகக் காத்திருக்கும்போது, இந்த நாவல்களைத்தான் படிக்கிறேன். படித்துப் படித்து, நானே ஒன்றை ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கினேன். நாகர்கோவிலிலிருந்து வந்த ஒரு மருத்துவர், நியூ சவுத் வேல்ஸின் உட்பகுதியில் ஒரு சிற்றூர், தேவாலயத்தில் ஒரு பொது விருந்து. கடைசிப் பக்கத்தில் கருப்பட்டி மஃபின் செய்முறை. சிட்னியில் பிறந்த என் மகள் முதல் மூன்று அத்தியாயங்களைப் படித்துவிட்டுக் கேட்டாள்: "கருப்பட்டி எங்கேயிருந்து வருகிறது அப்பா?" மரத்திலிருந்து என்றேன். "அது தெரியும். யார் செய்வார்கள்?"

அந்தக் கேள்விக்குப் பிறகுதான் 'புத்தம் வீடு' நாவலை மறுபடி எடுத்தேன்.

தமிழ் நாவலின் தொடக்கத்திலேயே ஒரு கிறிஸ்தவர் இருக்கிறார். ஆனால் வேதநாயகம் பிள்ளையின் 'பிரதாப முதலியார் சரித்திரம்' (1879) கிறிஸ்தவ வீடுகளின் கதை அல்ல. அந்த வீடுகளுக்குள் நம்மைக் கூட்டிச் செல்பவர் ஹெப்சிபா ஜேசுதாசன். திருவனந்தபுரத்தில் ஆங்கில இலக்கியம் கற்பித்தவர். 1964இல் வெளிவந்த 'புத்தம் வீடு' அவருடைய முதல் நாவல். அதன் எலும்புக்கூட்டை மட்டும் சொன்னால், மேலே சொன்ன அலமாரியில் வைத்துவிடலாம். பனைவிளை என்ற சிற்றூர். கிறிஸ்தவக் குடும்பம். லிஸி என்ற பெண். பொறுமையான காதல், கடைசியில் திருமணம். காதலர்கள் பேசிக்கொள்வதுகூட மிகக் குறைவு. எந்தத் திருச்சபை நூலகமும் தயங்காமல் வாங்கி வைக்கலாம்.

ஆனால் தடை வேறு இடத்தில் இருக்கிறது. லிஸியும் தங்கராஜும் ஒரே சாதி, ஒரே வேதம். அவளுடைய வீட்டுக்குப் பனைகள் சொந்தம்; அவனுடைய தந்தை அந்தப் பனைகளில் ஏறுகிறவர். அவ்வளவுதான். புத்தம் வீடு ஏற்கெனவே நொடித்துப்போன வீடு, லிஸியின் தந்தை குடிகாரர். கௌரவம் மட்டும் குறையவில்லை. பெரியவளானதும் லிஸியின் படிப்பு நிற்கிறது, வீடே உலகமாகிறது. இதைச் செய்கிறவர்கள் கொடியவர்கள் அல்ல. அவளை உயிராக நேசிக்கும் தாத்தா, கண்ணப்பச்சியும் அவர்களில் ஒருவர். அன்பையும் அடைப்பையும் ஒரே ஆளிடம் காட்டுவதில்தான் ஹெப்சிபாவின் பலம் இருக்கிறது. மிட்ஃபோர்டில் இப்படி ஒரு தாத்தா கிடையாது.

குறையும் உண்டு. நாவலின் பின்பகுதியில் ஒரு கொலை நடக்கிறது, பழி தங்கராஜ்மேல் விழுகிறது. அதுவரை பனங்காட்டின் வேகத்தில் நடந்த கதை திடீரென்று ஓடத் தொடங்குகிறது. முதல் வாசிப்பில் எரிச்சலாக இருந்தது. இந்த முறை வேறு மாதிரி தோன்றியது. மனம் மாறியதால் மட்டும் அந்த இரு வீடுகளும் சேர்ந்துவிடும் என்று எழுத ஹெப்சிபாவால் முடியவில்லை. அப்படி எழுதினால் பொய் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். கொலைக்கான காரணத்தை இங்கே சொல்லவில்லை, படித்துக்கொள்ளுங்கள்.

நான் என் நாவலில் எழுதியது அந்தப் பொய்யைத்தான். என் கதாநாயகிக்குக் கருப்பட்டி என்றால் பாட்டி வீட்டு வாசனை. என் பாட்டி வீட்டிலும் பனைகள் இருந்தன. ஒருவர் காலையும் மாலையும் ஏறிப் பாளை சீவுவார். சுண்ணாம்பு தடவிய கலயத்தில் அவர் இறக்கும் அக்கானியை அவருடைய வீட்டுப் பெண்கள் காய்ச்சுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அவரும் நாங்களும் ஒரே கோவிலில் பாடினோம். எங்கள் வீட்டில் அவர் திண்ணையைத் தாண்டி வந்ததாக எனக்கு நினைவில்லை. அம்மாவை ஃபோனில் அழைத்து அவர் பெயரைக் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "ஏத்தக்காரன்னுதான் சொல்லுவோம். இப்ப எதுக்கு மக்களே அதெல்லாம்?" என்றார்.

புலம்பெயர்ந்த நம் எழுத்தில் இந்த 'எதுக்கு' நிறைய இருக்கிறது. ஊரைப் பற்றி எழுதுகிறோம்: மணி ஓசை, கிறிஸ்துமஸ் பலகாரம், மழை. பிள்ளைகளுக்கு மாப்பிள்ளை, பெண் பார்க்கும்போது மட்டும், ஒரே சபைக்காரர்களாக இருந்தாலும், "ஊரில் அவர்கள் யார்?" என்று தணிந்த குரலில் விசாரிக்கிறோம். அந்தத் தணிந்த குரல் நம் கதைகளில் வருவதில்லை. 'புத்தம் வீடு' முழுக்க அந்தக் குரல்தான்.

என் மூன்றாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுகிறேன். செய்முறையை மாற்றவில்லை. 150 கிராம் கருப்பட்டியைத் தட்டி, 100 மில்லி தண்ணீரில் சூடாக்கிக் கரைத்து, வடிகட்டி ஆறவிடுங்கள். வடிகட்டாமல் விடாதீர்கள், மண்ணும் தும்பும் இருக்கும். 150 மில்லி தேங்காய்ப்பால், 80 மில்லி எண்ணெய், இரண்டு முட்டை சேர்த்து அடியுங்கள். 250 கிராம் செல்ஃப் ரைசிங் மாவு, அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு போட்டு, கட்டி உடையும் அளவுக்கு மட்டும் கிளறுங்கள். 180 டிகிரியில் சுமார் இருபது நிமிடம். பன்னிரண்டு வரும்.