கிழிந்த விதித்தாளும் புதிய பிரதியும்

சாத்தூருக்கு மேற்கே, வைப்பாற்றங்கரையில் இருக்கும் வெம்பக்கோட்டை மேட்டில் தமிழகத் தொல்லியல் துறை 2022 மார்ச்சில் அகழாய்வைத் தொடங்கியது. சங்கு வளையல், கண்ணாடி மணிகளோடு சுடுமண் ஆட்டக்காய்களும் வட்டச் சில்லுகளும் அங்கே கிடைத்தன. காய் கையில் இருக்கிறது. அதை எத்தனை கட்டம் நகர்த்தினார்கள், எந்த இடத்தில் வெட்டினார்கள், யார் ஜெயித்ததாக ஒப்புக்கொண்டார்கள் என்பது மட்டும் தெரியவில்லை. ஆட்டத்தில் முதலில் அழிவது விதிதான்.

இதற்கு ஒரு விதிவிலக்கு ஈராக்கில் உண்டு. ஊர் என்ற சுமேரிய நகரத்தின் கல்லறைகளில் 1920களில் லெனார்டு உல்லி கண்டெடுத்த ஆட்டப்பலகைகள் கி.மு. 2600 அளவில் செய்யப்பட்டவை. அந்த ஆட்டத்தின் விதியைப் பேசும் களிமண் பலகை ஒன்றை, பாபிலோனிய எழுத்தர் ஒருவர் கி.மு. 177இல் எழுதி வைத்திருந்தார். பிரிட்டிஷ் மியூசியத்தின் இர்விங் ஃபிங்கல் அதைப் படித்துப் பொருள் கண்டார். ஆனால் பலகைக்கும் எழுத்துக்கும் நடுவே 2400 ஆண்டுகள் இருக்கின்றன. எழுத்தர் சொல்லாமல் விட்டதை ஃபிங்கல் ஊகித்து நிரப்பினார். இன்று ஆடப்படுவது அந்த எழுத்தரின் காலத்து விதியும் ஓர் அறிஞரின் ஊகமும் சேர்ந்த ஆட்டம். கிடைத்ததே பெரிது என்று நானும் நினைக்கிறேன். ஆனாலும் எழுதி வைத்த விதி ஒரு காலத்துக்கும் ஓர் இடத்துக்கும் உரியது என்பதை மறக்கக் கூடாது.

நம் வீட்டுப் பெட்டி ஆட்டங்களுக்கு வருவோம். பலகை தடித்த அட்டை, காய் பிளாஸ்டிக். விதித்தாள் மட்டும் மெலிந்த காகிதம், பொடி எழுத்து, பெரும்பாலும் ஆங்கிலம். சண்டை வரும்போதெல்லாம் பிரித்துப் பிரித்து மடிப்பிலேயே கிழிகிறது. காராச்சேவு தின்ற கை எண்ணெயும் சேர்ந்துகொள்ளும். கிழிந்ததை ஒட்டுவதற்கு எல்லோரும் எடுப்பது செலோடேப். சில வருடங்களில் அதன் பசை பழுத்து, காகிதத்தில் ஊறி, எழுத்தையும் கறையாக்கிவிடும். லேமினேஷன் அதைவிட மோசம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதத்திலிருந்து பிரிக்க முடியாது. மூலத்தாளை அப்படியே ஓர் உறையில் போட்டு, ஸ்கேன் எடுத்து, விளையாட ஒரு நகலை வைத்துக்கொள்வதுதான் நல்ல வழி. நகல் எத்தனை முறை கிழிந்தாலும் கவலையில்லை.

புதிய பிரதி போடுவதால் வரும் நன்மைக்குக் கேரமைச் சொல்லலாம். சர்வதேச கேரம் கூட்டமைப்பு 1988இல் சென்னையில் உருவானது. எழுத்தில் இருக்கும் அதன் விதிப்படி ஓர் ஆட்டத்துக்கு 25 புள்ளி அல்லது 8 போர்டு, சிவப்புக்கு 3 புள்ளி. வெவ்வேறு நாட்டு ஆட்டக்காரர்கள் ஒரு பலகைக்கு முன்னால் உட்கார முடிவது அதனால்தான். நம் தெருவில் கறுப்புக்கு 10, வெள்ளைக்கு 20, சிவப்புக்கு 50 என்று எண்ணி, ‘ரெட்டுக்கு ஃபாலோ போடணும்’ என்று கத்தி ஆடியவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படவில்லை. போட்டிக்குப் போகிற நாளில் தேவைப்படும்.

விதி தொலைந்தால் ஆட்டத்தின் பொருளே மாறிவிடுவதும் உண்டு. ‘பிசினஸ்’ என்று நாம் ஆடுவதன் மூதாதை, அமெரிக்காவில் எலிசபெத் மேகி 1904இல் காப்புரிமை பெற்ற ‘நிலக்கிழார் ஆட்டம்’. நிலத்தை ஒருவரே வளைத்துப்போடுவது எவ்வளவு கெடுதல் என்று காட்டத்தான் அவர் அதை அமைத்தார். எல்லோரும் செழிக்கும் விதி ஒன்று, ஒருவரே குவிக்கும் விதி ஒன்று என இரண்டு தொகுதிகளை வகுத்தார். பிற்பாடு மோனோபோலியாக வளர்ந்தபோது இரண்டாவது மட்டும் தங்கியது. இன்று பெட்டிக்குள் இருக்கும் விதியையும் முழுதாக யாரும் படிப்பதில்லை. இடத்துக்கு வந்தவர் வாங்காவிட்டால் வங்கி அதை ஏலம் விட வேண்டும் என்பது மோனோபோலி விதி. ஏலம் இல்லாமல் ஆடுவதும் ஆட்டம் மணிக்கணக்கில் இழுக்க ஒரு காரணம். இங்கே ஒரு நல்ல நகல் ஆட்டத்தையே காப்பாற்றும்.

ஆனால் தாயத்துக்கும் பல்லாங்குழிக்கும் இதே மருந்தைக் கொடுக்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது. துணியில் தைத்த தாயக்கட்டத்தோடு இப்போது ஒரு விதித்தாளும் விற்கிறார்கள். அதில் ஒரே விதி. 1, 5, 6, 12 விழுந்தால் மறுபடி போடலாம் என்பதில் பலரும் ஒத்துப்போவார்கள். ஒரு வெட்டாவது வெட்டாமல் காய் உள்ளே போய்ப் பழமாக முடியுமா, ஒரே எண் மூன்று முறை விழுந்தால் கணக்கில் சேருமா என்று கேட்டால் தெருவுக்குத் தெரு பதில் வேறு. சோழியில் ஆடுபவர், புளியங்கொட்டையை ஒரு பக்கம் உரசி ஆடுபவர், பித்தளைத் தாயக்கட்டை உருட்டுபவர் என்று கருவியும் வேறு. அச்சில் வந்த விதி இவர்களையெல்லாம் ‘தப்பாக ஆடுகிறவர்கள்’ ஆக்கிவிடுகிறது. தாளைக் கையில் வைத்திருக்கும் பேரன், ஐம்பது வருடம் ஆடிய அப்பத்தாவைத் திருத்துகிறான். எழுதப்படாத விதிக்கு இதைவிடப் பெரிய சேதம் கிழிசலால் வராது.

தேவநேயப் பாவாணர் 1954இல் வெளியிட்ட ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ இந்தத் தவற்றைச் செய்யவில்லை. சில ஆட்டங்களுக்குப் பாண்டி நாட்டு முறை என்றும் சோழ கொங்கு நாட்டு முறை என்றும் பிரித்தே எழுதினார். எந்த ஊர்ப்பக்கத்து வழக்கம் என்பதும் விதியின் ஒரு பகுதி என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிறகு வந்த விதித்தாள்களில் இந்தக் கவனம் அரிதாகவே தென்படுகிறது. ஒரு பக்கத்தில் எல்லாம் அடங்க வேண்டும் என்ற அவசரம் காரணமாக இருக்கலாம்.

ஊர் வழக்கத்தோடு புதிய விதித்தாள் எழுதச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் எழுதிய வாசகத்தையும் படத்தையும் காக்கிறது. ஆடும் முறை யாருக்கும் சொந்தமில்லை. நிறுவனத்தின் கையேட்டை அப்படியே நகலெடுத்து விற்றால் தவறு. அதே விதியை நம் சொந்தத் தமிழில் எழுதிக்கொள்ளத் தடையில்லை. காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற சிவகாசி சாத்தூருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ஆஃப்செட்டில் பிளேட் போட்டு ஆயிரக்கணக்கில் ஓட்டினால்தான் கட்டுப்படியாகும் என்ற காலம் போய், டிஜிட்டலில் பத்துப் பிரதிகூட எடுக்கலாம். தெருவுக்கு ஒரு தாள் அடிப்பது இன்று செலவு மிகுந்த வேலையில்லை.

அந்தத் தாளில் ஊர்ப் பெயரும் ஆண்டும் மேலே இருக்க வேண்டும். சொன்னவர்கள் ஒத்துப்போகாத இடத்தில் இரண்டையும் அச்சிட வேண்டும். ஓரத்தில் எழுத இடம் விட வேண்டும். பழைய பெட்டித்தாளில் யாரோ பேனாவால் ‘இது வேண்டாம்’ என்று அடித்திருந்தால் அந்த அடித்தலோடுதான் ஸ்கேன் எடுக்க வேண்டும். அந்த வீட்டில் உண்மையில் ஆடிய விதி அதுதான். சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள் பழைய அச்சுப் பொருட்களைப் பேணி வருகின்றன. இந்தத் தாள்களும் அங்கே போய்ச் சேரத் தகுந்தவையே.

எதை முதலில் செய்வது என்று கேட்டால், பெட்டி ஆட்டத்தின் கிழிந்த தாள் காத்திருக்கட்டும் என்பேன். அதன் இன்னொரு பிரதி எங்காவது ஒரு வீட்டில் கிடைக்கும். சாக்பீஸால் தரையில் கட்டம் கிழித்து, வாயாலேயே விதி சொல்லி ஆடும் முதியவர்களுக்கு மறுபிரதி கிடையாது. சாத்தூரில் விதி எழுதும் வேலையைத் தொடங்க வேண்டியது அவர்களிடமிருந்துதான்.