எர்மியாவின் வெற்றி: இரு பக்க எதிர்ப்பைத் தாண்டிய குரல்

2013-இல் 'கூகூஷ் மியூசிக் அகாடமி' மூன்றாம் பருவத்தை எர்மியா வென்றார். பாரசீக மொழித் தொலைக்காட்சிப் போட்டிகளில் இதைவிடக் கடினமான வெற்றி இன்னொன்று இல்லை என்பேன். ஜெர்மனியில் வாழ்ந்த ஈரானியப் பெண் அவர். ஹிஜாப் அணிந்தே பாடினார். முக்காடு போட்டவள் மேடையில் பாடலாமா என்று மதப்பற்றாளர்கள் கொதித்தார்கள். முக்காட்டுக் கட்டாயத்தை வெறுத்து நாட்டைவிட்டு வந்தவர்களோ, இங்கேயும் அதுதானா என்று முகம் சுளித்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே மேடையேறி, நேயர் வாக்கில் முதலிடம் பிடிக்க நல்ல குரல் போதாது, நெஞ்சுரம் வேண்டும்.

போட்டியை நடத்தியது லண்டனிலிருந்து ஒளிபரப்பான மனோத்தோ தொலைக்காட்சி. அதன் பெரும்பலம் பாடகி கூகூஷ். 1979 புரட்சிக்குப் பின் ஈரானில் ஆண்கள் இருக்கும் அவையில் பெண் தனியாகப் பாடத் தடை. உச்ச நட்சத்திரமாக இருந்த கூகூஷ், 2000-இல் நாட்டைவிட்டு வந்து டொரொண்டோவில் பாடும்வரை, இருபது ஆண்டுகளுக்கு மேல் மேடையேறவில்லை. பழைய கேசட்டில் மட்டுமே அவரைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, அவரே புதுக் குரல்களின் பிசிறைத் திருத்துவதை வீட்டிலிருந்து பார்த்தது. பிற பாரசீக மொழி அலைவரிசைகளில் ஃபார்ஸி1 லத்தீன் அமெரிக்கத் தொடர்களையும் ஜெம் துருக்கித் தொடர்களையும் டப்பிங் செய்து பெருங்கூட்டம் சேர்த்தன. ஆனாலும் ஆழமாகத் தைத்தது இந்தப் பாட்டுப் போட்டிதான். அயலார் கதையை ரசிப்பது வேறு. பறிபோன சொந்தப் பாட்டு திரும்பி வருவது வேறு.

செயற்கைக்கோள் வழியே வீடுகளுக்குள் வந்த இந்த அலைவரிசைகளுக்கு எதிரான தெஹ்ரானின் தடுப்பாட்டம் முரட்டுத்தனமானது. 1990-களிலேயே டிஷ் ஆண்டெனாவுக்குத் தடை, மொட்டைமாடிச் சோதனை, சிக்னலைக் குலைக்கும் 'பாராஸீத்'. 2016-இல் ஒரு லட்சம் டிஷ்களை நொறுக்கிக் காட்டினார்கள். அந்தச் சமயத்தில்தான் அன்றைய கலாச்சார அமைச்சர் அலி ஜன்னதி, மக்களில் சுமார் 70 சதவீதம் பேர் சட்டத்தை மீறி டிஷ் வைத்திருப்பதாகச் சொன்னார். தடுப்பு எப்போதோ உடைந்துவிட்டதை அரசே ஒப்புக்கொண்ட தருணம் அது.

2019-இல்தான் அரசுத் தொலைக்காட்சி சரியான பதிலடிக்கு வந்தது: 'அஸ்ரே ஜதீத்' என்ற திறமைப் போட்டி. எஹ்ஸான் அலிகானி தொகுத்து வழங்கினார். நடுவர்கள், ஒளியமைப்பு, நேயர் வாக்கு என எதிரணியின் உத்திகள் எல்லாம் கைக்கு வந்திருந்தன. மணலில் ஓவியம் வரைந்த பெண் அங்கே கொண்டாடப்பட்டார். சிறுவர்கள் பாடினார்கள். பெண்ணின் தனிக்குரலுக்கு மட்டும் விதி குறுக்கே நின்றது. அதை மாற்றாதவரை, பாடத் தெரிந்த ஈரானியப் பெண்கள் தங்கள் ரசிகர்களை அடைய வெளிநாட்டு மேடையைத்தான் தேடிப் போவார்கள்.