டோல் தாங்கிய ஆட்டம்

தாராபுரம் பக்கத்தில் கோயில் நோம்பி சாட்டி ஜமாப் மேளத்தின் அடி விழுந்துவிட்டால் கூட்டத்தில் ஒருவருக்கும் கால் நிற்காது. பாட்டே வேண்டாம், அடி ஒன்றே ஆட்டத்தைத் தாங்கும். டெல்லியின் பிளடிவுட் மெட்டல் இசைக்குழு 2022 பிப்ரவரியில், எந்த இசை நிறுவனத்தையும் சாராமல் வெளியிட்ட ‘ரக்‌ஷக்’ ஆல்பம் ஜெயித்ததும் இப்படித்தான். டோல் மேளத்தை அவர்கள் அழகுக்கு வைக்கவில்லை; சுமக்க வைத்தார்கள்.

பிளடிவுட் கையாளும் நியூ மெட்டல் 1990-களில் கலிஃபோர்னியாவில் திரண்ட பாணி. கிடாரின் சுருதியை நன்றாகக் கீழே இறக்கி, கனத்த தாளத்தின் மேல் ராப்பையும் அலறலையும் ஏற்றுவார்கள். அதன் முன்னோடியான கார்ன் குழு 1994-இல் தன் முதல் ஆல்பத்திலேயே பேக்பைப் ஊதியது. ஆனால் அந்த ஆல்பத்தில் அது ஒரு பாட்டோடு வந்துபோன விருந்தாளி. பிளடிவுட்டில் டோல் வீட்டுக்காரன்.

இதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் உண்டு. சுருதி இறக்கிய கிடாரும் டோலின் கனத்த பக்கமும் ஒரே கீழ்த்தளத்தில் முட்டிக்கொள்ளும். தவிலின் தொப்பிப் பக்கம் இடிக்க, வலந்தலைப் பக்கம் தெறிப்பதைக் கேட்டவர்களுக்கு விடை தெரியும். டோலின் மறுபக்கத்தில் மெல்லிய குச்சி விழும் ஓசை, கிடாரின் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு மேலே வருகிறது. முதல் பாடலான ‘கத்தார்’ தொடங்கும்போதே அதை உணரலாம்.

கிடார், புல்லாங்குழல், தயாரிப்பு மூன்றும் கரண் கட்டியார் கையில். ஜெயந்த் பாதுலா உறுமலிலிருந்து பாட்டுக்கு நொடியில் தாவுகிறார். ரவுல் கெர்ரின் ஆங்கில ராப், சொல்ல வந்ததை நேராகச் சொல்கிறது. ‘ஜீ வீரே’ மன அழுத்தத்தில் தவிப்பவரின் தோளில் கை வைக்கிறது; ‘தனா தன்’ பாலியல் வன்முறைக்கு எதிராகக் கொதிக்கிறது. இந்தக் கோபத்துக்குக் காரணம் இருக்கிறது. அதனால்தான் அது வெற்றுச் சத்தமாகவில்லை.

குறை ஒன்று உண்டு. பத்துப் பாடல்களையும் ஒரே மூச்சில் கேட்டால் குழல், இடி, ராப், கோரஸ் என்ற வரிசை பழகிவிடுகிறது. பல பாடல்கள் ஆல்பத்துக்கு முன்பே தனித்தனியாக வெளிவந்தவை. தனியே வரும் பாட்டு முழு பலத்தோடு வந்தாக வேண்டும். அப்படிப்பட்டவற்றை அடுத்தடுத்து அடுக்கும்போது இளைப்பாற இடம் குறைகிறது. நாய்க்கும் மனிதனுக்குமான பாசத்தைச் சொல்லும் ‘யாத்’ அந்த நிழலைக் கொஞ்சம் தருகிறது.

ஆனாலும் ஆல்பத்துக்கு அவசரப்படாத பொறுமைதான் குழுவை வளர்த்தது. 2016-இல் பாப் பாட்டுகளைக் கேலியாக மெட்டலில் வாசித்துத் தொடங்கியவர்கள், 2019-இல் ஜெர்மனியின் வாக்கன் இசை விழாவில் மேடையேறிய பிறகுதான் சொந்தப் பாடல்களை முழு ஆல்பமாகக் கட்டினார்கள். ஆல்பம் வந்த 2022-இலேயே ஜப்பானின் ஃபூஜி ராக் விழா மேடையும் கிடைத்தது.

நம் கொங்கு உடுக்கையும் அண்ணன்மார் கதையை இரவு இரவாகச் சுமந்து வந்திருக்கிறது. கிடார் வாங்கியிருக்கும் கொங்குப் பிள்ளைகளே, உடுக்கையைப் பாட்டின் தொடக்கத்தில் பத்து விநாடி ஒலிக்கவிட்டு ஓரம்கட்டிவிடாதீர்கள். தாளத்தை அதனிடம் ஒப்படையுங்கள். கிடார் பின்னால் வரட்டும்.