‘மெதுவாக’ என்ற சொல்லும் கல்லுமலையும்

நமக்குள் சுற்றுக்கு வரும் கருத்துணர் பகுதிகளில் நில மாற்றம் பற்றியவை எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சு. இமயமலை வரும், எரிமலை வரும், ‘இவை மெதுவாக நிகழ்கின்றன’ என்று முடியும். ஈப்போ மாணவருக்கு இதில் என்ன இருக்கு, சொல்லுங்க?

முதலில் ‘அரிப்பு’. எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்தான். கிந்தா பள்ளத்தாக்கின் மலைகள் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரிவளியைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. பாறை வெடிப்புகளில் இறங்கிக் கல்லைக் கரைக்கிறது. குவா தெம்புரோங் குகை அப்படி வந்ததுதான். ‘கரைதல்’ என்று எழுதினால் என்ன? பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் இந்தக் கல்லைச் சுட்டு நீற்றியதுதான் என்றால் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

பெரிய குறை அந்த ‘மெதுவாக’. கரைவது மெதுவாகத்தான். விழுவது அப்படியில்லை. 1973 அக்டோபரில் குனோங் சீரோவில், நாம் தைப்பூசத்துக்குப் போகும் கல்லுமலைக் கோயில் உள்ள அதே மலையில், பாறை சரிந்து அடிவாரக் குடியிருப்பில் சுமார் 40 பேர் இறந்தார்கள். இது இல்லாத பகுதி, மலையடியில் வீடுள்ள பிள்ளைக்குப் பாதியைத்தான் சொல்கிறது.

‘நிகழ்கின்றன’ என்பதும் உறுத்துது. ஈயக் குட்டைகள் தாமாகவா நிகழ்ந்தன? தோண்டிய கப்பல்களில் ஒன்று தஞ்சோங் துவாலாங்கில் இன்னும் நிற்கிறது. பால்மரத் தோட்டங்களில் புல்லே தெரியாமல் செதுக்க வைத்த காலத்தில் மேல்மண் மழையோடு ஆற்றுக்குப் போனது. செதுக்கியது நம் தாத்தா பாட்டி, செதுக்கச் சொன்னது துரை. அடுத்த முறை இந்தப் பகுதியைக் கொடுக்கும்போது, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியான எழுவாயைப் போட்டு மறுபடி எழுதச் சொல்லிப் பாருங்க.