எம்35ஏ2: பட்டாளத்து லாரியில் ஒரு நீண்ட பயணம்

ராணுவம் கழித்துவிட்ட எம்35ஏ2 லாரியை வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்பது, இன்ஜின் ஸ்டார்ட் ஆகுமா என்றுதான். பேட்டரி நன்றாக இருந்தால் பெரும்பாலும் ஆகிவிடும். கவலைப்பட வேண்டிய இடம் பிரேக்.

அமெரிக்க ராணுவத்தில் 1950இல் தொடங்கிய இரண்டரை டன் லாரி வரிசையைச் சேர்ந்தது இது. மூன்று அச்சு, பத்து டயர். வேண்டும்போது முன் அச்சும் சேர்ந்து இழுக்கும். டெக்சாஸில் டெக்சார்கானா பக்கம் ஒரு யார்டில் வாங்கி, யுஎஸ் 59 சாலை வழியாக ஹூஸ்டனுக்கு ஓட்டிவந்தேன். ஏறக்குறைய 470 கிலோமீட்டர். டிரெய்லரில் ஏற்றி அனுப்ப வசதி இருந்தது. ஆனால் ஒரு லாரியின் குணம் நாள் முழுக்க ஓட்டினால்தான் பிடிபடும்.

பிரேக்குக்கு வருகிறேன். பெடலை மிதித்தால் காற்றழுத்தம் துணைக்கு வந்து பிரேக் ஆயிலைத் தள்ளுகிறது. மிதிக்க இலகுவாகவே இருக்கிறது. ஆனால் எல்லாச் சக்கரங்களுக்கும் ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சர்க்யூட். எங்கோ ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் மொத்தப் பிரேக்கும் போய்விடும். ஹேண்ட் பிரேக் பிடிப்பதோ சக்கரத்தை அல்ல, பின்னால் போகும் புரொப்பெல்லர் ஷாஃப்டை. வேகத்தில் வரும் ஆறு டன் எடையை அது சட்டென நிறுத்தும் என்று நம்பக் கூடாது. அதனால் கிளம்புமுன் மெக்கானிக்கை வைத்து ஹோஸ்களை மாற்றி, வீல் சிலிண்டர்களில் கசிவு பார்த்தோம். ஆயிலையும் பாருங்கள். ராணுவம் ஊற்றியது சிலிக்கான் வகை. புதிதில் ஊதா நிறம். பிறகு வந்த யாராவது சாதாரண பிரேக் ஆயிலை அதில் கலந்திருந்தால் முழுவதையும் வடித்துக் கழுவ வேண்டியதுதான்.

சாவி கிடையாது. சுவிட்சைத் திருப்பி பட்டனை அழுத்தினால் இன்ஜின் உறுமும். நிறுத்த ஒரு குமிழை இழுக்க வேண்டும். காற்றழுத்தம் ஏறும்வரை எச்சரிக்கை மணி அலறும். அது அடங்காமல் வண்டியை நகர்த்தாதீர்கள்.

இந்த இன்ஜினை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. 7.8 லிட்டர், ஆறு சிலிண்டர், டர்போ. டீசல், மண்ணெண்ணெய், விமான எரிபொருள் எல்லாம் குடிக்கும்; அவசரத்துக்குப் பெட்ரோலும் செல்லும். பிஸ்டன் தலையில் உள்ள குழியின் சுவரில் எரிபொருள் படலமாகப் படிந்து, ஆவியாகி எரிகிறது. ஜெர்மனியின் மான் நிறுவனம் வளர்த்த முறை இதற்கு அடிப்படை. ஜபல்பூரில் தயாரான நம் சக்திமான் லாரியும் அதே நிறுவனத்தின் உரிமத்தில் பிறந்தது என்பதால் எனக்கு இதில் தனிப் பிரியம். கியரில் இழுக்கும்போது டர்போ விசிலடிப்பது நெடுந்தூரம் கேட்கும். கேபினுக்குள் காதடைப்பான் இல்லாமல் உட்கார முடியாது.

சக்தி என்னவோ சுமார் 130 குதிரைதான். முழு வேகம் 90 கிலோமீட்டர். அப்போது இன்ஜின் 2,600 சுற்று என்ற தன் எல்லையில் நிற்கிறது. 70, 75இல் வைத்து ஓட்டினால் அதற்கும் நல்லது, பிரேக்குக்கும் நல்லது. நாகடோச்சஸ் பக்கத்து மேடுகளில் நான்காவது கியருக்கு இறங்கி, வலது ஓரமாக நிதானமாக ஏறினேன். பவர் ஸ்டியரிங் இல்லை. ஓடும்போது பழகிவிடுகிறது, பங்க்கில் திருப்பும்போது தோள் கழன்றுவிடும். சேற்றுக்கென்று செய்த கட்டை டயர்கள் ஈரத் தாரில் பிடிப்பதில்லை, மழையில் இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள்.

நிறுத்தும் இடமெல்லாம் ஒவ்வொரு ஹப்பிலும் கை வைத்துப் பாருங்கள். லஃப்கினில் பின்பக்க ஹப் ஒன்று மற்றவற்றைவிட அதிகம் கொதித்தது. பிரேக் ஷூ டிரம்மை உரசியிருக்கிறது. கொஞ்சம் தளர்த்தியதும் சரியானது. பேரிங்கில் கிரீஸ் வறண்டாலும் இதே அடையாளம்தான்.

லிட்டருக்கு மூன்றரை முதல் நான்கு கிலோமீட்டர். டேங்க்கில் 190 லிட்டர் பிடிப்பதால் வழியில் அவசரப்பட வேண்டியதில்லை. எஸ்எஃப்-97 என்ற அரசுச் சான்றைக் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள், பதிவுக்கு அது வேண்டும்.

இன்ஜினுக்காகவே இந்த லாரியை வாங்கலாம் என்பேன். முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி சர்க்யூட் தரும் மாஸ்டர் சிலிண்டரைப் பொருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள். அதைப் பொருத்தும்வரை என் லாரி மலைப்பாதைக்குப் போகாது.