பேசுவது யாரோடு?

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாட்களில் முடிந்ததைச் சமரசப் பேச்சுவார்த்தையின் வெற்றியாகக் கொண்டாடுவது இன்னும் ஓயவில்லை. அமைச்சர்களே இறங்கிவந்து பேசினார்கள், ஆலை மூடப்படவில்லை, தொழில் அமைதிக்குத் தமிழ்நாடு முன்மாதிரி என்கிறார்கள். உண்மை இல்லாமல் இல்லை. தொழிலாளர் துறையின் சமரச அலுவலர்கள் சத்தமில்லாமல் பேசி முடிக்கும் போனஸ், பணிநீக்கத் தகராறுகள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போனால் ஆண்டுக்கணக்கில் இழுக்கும். அந்த அளவில் 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் வகுத்த சமரச ஏற்பாடு பயனுள்ளதுதான். என் மறுப்பு வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த 37 நாட்களும் எதற்காகப் போயின? ஊதியமும் ஒரு கோரிக்கைதான். ஆனால் பூசலின் வேர், தொழிலாளர்கள் தாமாக அமைத்துக்கொண்ட சங்கத்தோடு நிர்வாகம் பேசுமா பேசாதா என்பது. அதற்கு விடை சொல்லாமலே அக்டோபர் 7 அன்று, அமைச்சர்களின் நடுவில், நிறுவனம் ஒரு தொழிலாளர் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. மாதம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை, கூடுதல் குளிர்சாதனப் பேருந்துகள் என்று பட்டியல் நன்றாகவே இருந்தது. பந்தலில் உட்கார்ந்து போராடிக்கொண்டிருந்தவர்கள்தான் அதில் இல்லை. பெண் வீட்டாரை விட்டுவிட்டு நிச்சயதார்த்தம் நடத்தினால் என்ன ஆகுமோ அதுதான் ஆயிற்று: வேலைநிறுத்தம் தொடர்ந்தது. சங்கத் தலைவர்களை அழைத்துப் பேசிய பிறகே, 15ஆம் தேதி, அது முடிந்தது.

குழு அமைப்பது சட்டப்படி சரிதானே என்று கேட்கலாம். நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் பணிக்குழு அமைக்க 1947 சட்டத்தின் மூன்றாம் பிரிவே வழிசெய்தது. ஆனால் எதற்கு? அன்றாட உரசல்களைத் தணித்து நல்லுறவைக் காக்க. பணி நிலைமைகளில் பெரிய மாற்றங்களை முடிவுசெய்ய அக்குழுவுக்கு அதிகாரம் இல்லை, அது சங்கத்துக்கு மாற்றும் இல்லை என்று நார்த்புரூக் சணல் ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960இலேயே சொல்லிவிட்டது. உணவகத்தில் சோறு சரியில்லை என்பதைப் பேச வேண்டிய வகையான அமைப்பை ஊதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட உட்காரவைத்து, அதற்கு அரசும் சாட்சி நிற்பதைச் சமரசம் என்பதா? ஒரு தரப்பின் பிரதிநிதி யார் என்பதை எதிர்த்தரப்பு தேர்ந்தெடுக்க விடுவது அது.

இதற்கு இடம்கொடுக்கும் ஓட்டை பழையது. சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918இல் எழுந்த பிறகு பின்னி ஆலை நிர்வாகம் அதன் தலைவர்கள்மீது உயர் நீதிமன்றத்தில் தடையாணை பெற்றது. அந்த அதிர்ச்சி 1926ஆம் ஆண்டின் தொழிற்சங்கச் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் அந்தச் சட்டம் சங்கத்துக்குப் பதிவைத்தான் தந்தது, அங்கீகாரத்தைத் தரவில்லை. அங்கீகாரத்தைக் கட்டாயமாக்கி 1947இல் நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கு வரவே இல்லை. மகாராஷ்டிரம் 1971இல் தனிச்சட்டம் போட்டது. தொழில்மயத்தில் தனக்கு நிகரில்லை என்னும் தமிழ்நாடு போடவில்லை. கோவை பிரிக்கால் ஆலையில் 2007இல் மூண்ட நீண்ட பூசலிலும் அங்கீகாரமே பெரிய கேள்வி. சாம்சங் ஆலையிலோ சங்கத்தின் பதிவுக்கே, பெயரில் ‘சாம்சங்’ இருக்கலாமா என்ற ஆட்சேபத்தைத் தாண்டி, உயர் நீதிமன்றம் வரை போய் 2025 ஜனவரி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பதிவுசெய்ய வேண்டிய துறையும் சமரசம் பேச வேண்டிய துறையும் ஒன்றே என்பதை யாரும் கவனிப்பதாகத் தெரியவில்லை.

வெளியாட்கள் தூண்டிவிடுகிறார்கள் என்பது அடுத்த வாதம். சென்னைத் தொழிலாளர் சங்கத்தை வழிநடத்திய பி.பி. வாடியா ஆலைத் தொழிலாளியா? திரு.வி.க.? வெளியாள் எத்தனை பேர் பொறுப்பில் இருக்கலாம் என்பதற்குத் தொழிற்சங்கச் சட்டத்தின் 2001 திருத்தம் வரம்பே வைத்தது. வரம்பு வைத்ததன் பொருள் அனுமதி என்பதுதான். மேலும், வழக்கறிஞரையும் ஆலோசகரையும் வைத்துக்கொண்டு வரும் நிர்வாகத்தின் எதிரே தொழிலாளி தனியாக உட்கார வேண்டும் என்பது என்ன நியாயம்? முதலீடு ஓடிவிடும் என்ற அச்சத்துக்கும் அடிப்படை குறைவு. சங்கம் கூடாது என்ற நெடுநாள் கொள்கையைக் கைவிடுவதாக சாம்சங்கின் லீ ஜே-யோங் 2020இல் கொரியாவில் பகிரங்கமாக அறிவித்தார். அங்கே ஏற்றதை இங்கே ஏற்கச் சொல்ல நம் அரசுக்குத்தான் தயக்கம்.

புதிய தொழிலுறவுத் தொகுப்புச் சட்டத்தில் 51 விழுக்காடு உறுப்பினர் உள்ள சங்கமே பேச்சுவார்த்தைச் சங்கம் என்று இருப்பதைக் காட்டி, சிக்கல் தீர்ந்தது என்பவர்கள் உண்டு. அந்த எண்ணிக்கை எட்டாதபோது 20 விழுக்காடு பெற்றவர்கள் சேர்ந்த மன்றம் அமையும் என்பதையும் அவர்கள் படிக்க வேண்டும். நிர்வாகம் ஊட்டி வளர்க்கும் சங்கத்துக்கு 20 விழுக்காடு பெரிய தூரமில்லை. அமைச்சர்கள் நடுவில் அமர்வதற்கு முன்பே, ஆலைக்குள் ரகசிய வாக்கெடுப்பு நடத்தி யாரோடு பேசுவது என்பதைத் தீர்த்திருந்தால் 2024இன் வேலைநிறுத்தம் அவ்வளவு நீண்டிருக்காது. 2025 பிப்ரவரியில் சங்கப் பொறுப்பாளர்கள் மூவர் இடைநீக்கம் செய்யப்பட்டு, ஆலையில் மறுபடி உள்ளிருப்பு தொடங்கியிருக்காது. அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தம் கையெழுத்தானது, எந்தச் சங்கத்தோடு பேச முடியாது என்றார்களோ அதே சங்கத்தோடுதான்.