ரேடியோவைப் பிரித்துக் கட்டிய சத்தம்

பிராகின் 'பிளாஸ்டிக் பீப்பிள் ஆஃப் தி யுனிவர்ஸ்' ராக் குழுவின் அரசியலைப் பேசிப் பேசியே, அவர்கள் எழுப்பிய சத்தத்தைக் கேட்காமல் விட்டுவிட்டோம். கம்யூனிஸ்ட் ஆட்சியில், 1970-ல் குழுவின் தொழில்முறை உரிமம் பறிபோனது. அரசு கொடுத்த கருவிகளும் போயின. குழுவில் இருந்த யோசெஃப் யானிச்செக் முன்னாள் மெக்கானிக். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களைப் பிரித்து ஆம்ப்ளிஃபயர் கட்டினார்.

ராக் என்றால் ஆங்கிலத்தில்தான் பாட வேண்டும் என்பது குழுவின் வழிகாட்டி யீரோஸின் பிடிவாதம். அதற்கு அகப்பட்டவர் பால் வில்சன், 1967-ல் செக்கோஸ்லோவாகியாவுக்கு வந்து ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த கனடாக்காரர். பாட்டு வரிகளைச் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியார், பாடகராகவே ஆகிவிட்டார்.

1972-ல் அவர் விலகினார். அதே ஆண்டு சேர்ந்த சாக்ஸபோன்காரர் பிராபெனெட்ஸ், சொந்தப் பாட்டுத்தான் வேண்டும் என்றார். கவிஞர் எகோன் பொண்டியின் செக் கவிதைகள் பாட்டாயின. என் காதுக்கு, குழுவின் அசல் குரல் அங்கேதான் தொடங்குகிறது: பேஸ் கிட்டார் ஒரே இடத்தில் செக்காட்ட, வயோலா மேலே கீறிக்கொண்டே போகும், சாக்ஸபோன் குறுக்கே பாய்ந்து கத்தும்.

வில்சனை 1977-ல் நாட்டைவிட்டே வெளியேற்றினார்கள். கனடா திரும்பியவர் சும்மா இருக்கவில்லை; தான் பாடாத, குழுவின் பிந்தைய பாட்டுகளை இசைத்தட்டாக வெளியிட்டார்.